திருவந்திபுரத்துப் படிகளும் நான்கு நிமிட வேகமும்

திருவந்திபுரத்தில் தேவநாத சுவாமி கோவிலை ஒட்டியுள்ள ஔஷதகிரியில் ஏற 74 படிகள். உச்சியில் ஹயக்ரீவர் சன்னதி. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆவணி மாதம் என் நாத்தனார் மகளின் திருமணம் அந்த ஊரில்தான் நடந்தது. தாலி கட்டி முடிந்து, பந்திக்கு இன்னும் நேரம் இருந்ததால், மேலே போய்ச் சேவித்துவிட்டு வரலாம் என்று ஐந்தாறு பேர் கிளம்பினோம்.

நாற்பதாவது படியை ஒட்டி நான் நின்றுவிட்டேன். எங்கும் வலி இல்லை. மூச்சு மட்டும் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது. நெஞ்சு துடிப்பது காதுக்குள் கேட்டது. பட்டுப்புடவையின் கனம், ஆவணி வெயில், காலையிலிருந்து காபி மட்டுமே கண்ட வயிறு என்று மனதுக்குள் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என்னைவிட இருபது வயதாவது மூத்த ஓர் அம்மாள் கையில் துளசி மாலையோடு, "கொஞ்சம் வழி விடும்மா" என்று தாண்டிப் போனார். மேலே போன நாத்தனார் திரும்பிப் பார்த்து இறங்கி வந்தாள். "அண்ணி, உட்காருங்கள். முகம் வெளுத்துவிட்டது" என்றாள். உட்கார்ந்தேன். சன்னதியை அடைவதற்குள் இன்னொரு முறையும் உட்கார்ந்தேன்.

அப்போது எனக்கு 48 வயது. கடலூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. அதற்கு முன் ஆறு ஆண்டுகளாக, மழைக்காலம் தவிர, தேவனாம்பட்டினம் கடற்கரையில் தினமும் 45 நிமிடம் நடந்து வந்தவள். "நீங்கள்தான் தினமும் நடக்கிறீர்களே" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கை நாற்பதாவது படியில் என்னைக் கைவிட்டது.

அடுத்த வாரமே மருத்துவரிடம் போனேன். இதைப் படிக்கும் பெண்களுக்கு, குறிப்பாக நாற்பதைக் கடந்தவர்களுக்கு, நான் முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: மூச்சு வாங்கினால் பயிற்சியைத் தேடிப் போவதற்கு முன் இரத்தப் பரிசோதனைக்குப் போங்கள். எனக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள், எக்கோ எடுத்தார்கள், டிரெட்மில்லில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் 9.8 இருந்தது. மாதவிலக்கு ஒழுங்கு தவறத் தொடங்கிய வயது. போகும் இரத்தம் அதிகமாக இருந்ததை நான் கணக்கில் வைக்கவே இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1. என் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, அண்ணனுக்கு இருக்கிறது. நான் அதன் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆக்சிஜனைச் சுமந்து போவது ஹீமோகுளோபின். வண்டி குறைவாக இருக்கும்போது இதயம் எத்தனை வேகமாக ஓட்டினாலும் சரக்கு போய்ச் சேராது. மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை எடுத்தேன். மாத்திரை விழுங்கிய கையோடு காபி, டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சரியாகச் சேராது என்பதால், வாழ்நாளில் முதல்முறையாக ஃபில்டர் காபியை ஒரு மணி நேரம் தள்ளிவைத்தேன். ஹீமோகுளோபின் 12.1 ஆனது. தலைசுற்றல் போயிற்று, களைப்பு பாதியானது. ஆனால் பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அந்த வகுப்பறைக்குள் நுழைந்து முதல் இரண்டு நிமிடம் பேசாமல் கரும்பலகையில் தேதி எழுதுவதாகப் பாவனை செய்யும் பழக்கம் அப்படியேதான் இருந்தது.

மருத்துவர் என் நடையைப் பற்றி விசாரித்தார். எத்தனை நேரம், எத்தனை வேகம், பேசிக்கொண்டே நடப்பீர்களா என்று கேட்டார். நான்கு தோழிகள் சேர்ந்து வீட்டுக் கதை முழுவதும் பேசிக்கொண்டுதான் நடப்போம். "நடை நல்லதுதான், அதை விடாதீர்கள். ஆனால் உங்கள் இதயம் அந்த நடைக்கு எப்போதோ பழகிவிட்டது. அதனிடம் நீங்கள் புதிதாக எதுவும் கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது கொஞ்சம் வேகத்தைச் சேருங்கள்" என்றார்.

அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லை நான் சரியாகக் கேட்கவில்லை. வீட்டருகே இருந்த ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்தேன். அங்கே இதற்கு 'ஹிட்' (HIIT), அதாவது கடும் வேக இடைவெளிப் பயிற்சி என்று பெயர். 20 விநாடி உச்ச வேகம், 10 விநாடி ஓய்வு, எட்டு முறை, நான்கே நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்கள். கேட்கவே இனிமையாக இருந்தது. கிரானைட் தரையில் குதித்து உட்கார்ந்து எழுவது, தரையில் கை ஊன்றிக் காலைப் பின்னால் வீசி மீண்டும் குதிப்பது என்று பயிற்சியாளர் சொன்னதையெல்லாம் செய்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். மூன்றாம் நாள் இடது கெண்டைக்காலில் சுளீர் என்று ஒரு வலி. தசை இழுத்துக்கொண்டது. மூன்று வாரம் நொண்டிக்கொண்டே பள்ளிக்குப் போனேன்.

சிதம்பரத்தில் இயன்முறை மருத்துவம் படிக்கும் என் மகள் தொலைபேசியில் கோபித்துக்கொண்டாள். "அம்மா, அந்த 20 விநாடிக் கணக்கு யாருக்காக வந்தது என்று தெரியுமா?" என்றாள். பிறகு அவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஜப்பானில் பனித்தரையில் வேகமாகச் சறுக்கி ஓடும் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீரர்களின் பயிற்சியாளர் பயன்படுத்திய முறை அது. அதை ஆய்வு செய்து இசுமி தபாட்டா 1996இல் வெளியிட்டார். அவர் ஆய்வில் இளைஞர்கள் குதிக்கவில்லை. ஓரிடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்தார்கள். உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜனுக்கு எந்த வேகம் தேவையோ, அதற்கும் மேலே, 170 விழுக்காடு கடுமையில் மிதித்தார்கள். ஏழெட்டுச் சுற்றில் கால் ஓய்ந்துபோக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஆறு வாரத்தில் அவர்கள் பெற்ற பலன் பெரியது, சந்தேகமில்லை. ஆனால் அந்த நெருப்பு 48 வயதுக் கணித ஆசிரியையின் கெண்டைக்காலுக்காக மூட்டப்பட்டது அல்ல.

கால் சரியானதும் எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவரைப் போய்ப் பார்த்தேன். முப்பது ஆண்டுக்கும் மேலாக மாவட்ட ஓட்டப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்தவர். இப்போதும் கழுத்தில் விசிலோடுதான் காலை நடைக்கு வருவார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "டீச்சர், நாளைக்குக் காலை ஐந்தரைக்கு கடற்கரைச் சாலைக்கு வாருங்கள். ஷூ போட்டு வாருங்கள், செருப்பு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் பத்து நிமிடம் சாதாரணமாக நடக்க வைத்தார். பிறகு சாலை விளக்குக் கம்பங்களைக் காட்டினார். "இரண்டு கம்பம் வேக நடை. மூன்று கம்பம் மெதுநடை. ஓட வேண்டாம். மூன்று கம்பத்துக்குள் மூச்சு வழிக்கு வரவில்லை என்றால் நான்காவது கம்பத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள்." நேரம் பார்க்கும் கருவி எதுவும் இல்லை. ஸ்வீடனில் 1930களில் யோஸ்டா ஹோல்மர் என்ற பயிற்சியாளர் ஓட்டக்காரர்களுக்கு வகுத்த முறையும் இதன் உறவுதான் என்று சார் பின்னால் சொன்னார். வழியில் தென்படும் மரத்தையும் மேட்டையும் குறியாக வைத்துக்கொண்டு வேகத்தை ஏற்றி இறக்குவது.

வேகம் போதுமா என்று கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். வேகக் கம்பங்களுக்கு நடுவில் பக்கவாட்டில் வந்து, "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்கள் டீச்சர்" என்பார். தடங்கலில்லாமல் ஆறாவது வரி வரை போனால் வேகம் போதாது. ஒரு வரி சொல்லி, இழுத்து மூச்சு வாங்கி, அடுத்த வரி தொடங்கினால் சரி. ஒரு வரியைக்கூட முடிக்க முடியாவிட்டால் அதிகம், குறைக்க வேண்டும். எந்த விலையுயர்ந்த கடிகாரத்தையும்விட எனக்கு இன்றும் இந்த அளவுகோல்தான் பிடிக்கும். அவரவர் உடலுக்கு எது கடினம் என்பதை அவரவர் மூச்சே சொல்லிவிடுகிறது. இருபது வயதுப் பிள்ளைக்கு அது வேக ஓட்டமாக இருக்கும். எனக்கு வேக நடை. என் மாமியாருக்கு நாற்காலியிலிருந்து எழுவதே அதுவாக இருக்கலாம்.

முதல் மாதத்தில் அவர் என்னை அதிகம் திருத்தியது மெதுநடையில்தான். வேகக் கம்பம் முடிந்ததும் நான் இடுப்பில் கை வைத்துக் குனிந்து நின்றுவிடுவேன். "நிற்காதீர்கள், நடங்கள். வேகம் பாதிப் பாடம். இழந்த மூச்சைத் திரும்ப வாங்குவதும் பாடம்தான்" என்பார். கடும் உழைப்புக்கு நடுவே சட்டென்று நின்றால் காலில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் வரும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்தப் பயிற்சிக்கு 'இடைவெளி' என்று பெயர் வந்ததே அந்த மெதுநடையால்தான். இடையில் ஓய்வு இருப்பதால்தான், ஒரே மூச்சில் தாங்க முடியாத வேகத்தில் மொத்தமாகப் பதினைந்து நிமிடம் இதயத்தை உழைக்க வைக்க முடிகிறது.

நம் வீடுகளில் மூச்சு வாங்குவது நோயின் அடையாளமாக மட்டுமே பார்க்கப்படுகிறது. பெண்களுக்கு இன்னும் அதிகம். "ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது, உட்கார்" என்றுதான் யாரும் சொல்வார்கள். பதின்மூன்று வயதில் பாவாடை தாவணிக்கு மாறிய நாள் முதல் நான் ஓடியதே இல்லை. ஓடினால் பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருப்பேன். கடற்கரைச் சாலையில் நாலு பேர் பார்க்க முகம் சிவந்து, வாயால் மூச்சு விட்டபடி நடப்பதற்கு முதல் இரண்டு வாரம் எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் தசைவலியைவிடக் கடினமாக இருந்தது. தெரிந்த பெற்றோர் ஒருவர் வண்டியை நிறுத்தி, "என்ன டீச்சர், உடம்புக்கு முடியவில்லையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டார். "முடிவதற்காகத்தான் நடக்கிறேன்" என்று சொல்லும் அளவுக்கு நான் தேற ஒரு மாதம் ஆனது.

இரண்டாம் மாதம் கம்பங்களை விட்டு நேரத்துக்கு வந்தோம். ஒரு நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெது, ஆறு முறை. மூன்றாம் மாதம் இரண்டிரண்டு நிமிட வேகம், ஐந்து முறை. நான்காம் மாதத்தில்தான் நான் இன்றுவரை செய்துவரும் முறைக்கு வந்தேன். நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுநடை, நான்கு முறை. முன்னால் பத்து நிமிடம் உடலைச் சூடாக்க, பின்னால் ஐந்து நிமிடம் ஆற. மொத்தம் 40 நிமிடம். முதலில் மூன்று சுற்றுதான் முடிந்தது. நான்காவதற்கு இன்னும் ஐந்து வாரம் ஆனது.

இந்த நான்கு நிமிடக் கணக்கு நார்வேயின் திரான்ஹெய்ம் நகர ஆய்வாளர்களால் புகழ்பெற்றது. 2007இல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை மகள் எனக்கு விளக்கினாள். கணிதக்காரி என்பதால் அதன் அமைப்பு என்னைக் கவர்ந்தது. மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, எல்லோருக்கும் மொத்த உழைப்பைச் சமமாக வைத்து, கடுமையை மட்டும் மாற்றினார்கள். வாரம் மூன்று நாள், எட்டு வாரம். நீண்ட நேரம் மெதுவாக ஓடியவர்களின் அதிகபட்ச ஆக்சிஜன் அளவு குறிப்பிடும்படி உயரவில்லை. நான்கு நிமிடச் சுற்றுகள் ஓடியவர்களுக்கு 7.2 விழுக்காடு உயர்ந்தது. 15 விநாடி வேகம், 15 விநாடி மெது என்று ஓடியவர்களுக்கு 5.5. அவர்கள் ஏற்கெனவே ஓரளவு பயிற்சி உள்ள இளம் ஆண்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்து நான் என் மேல் ஒட்டிக்கொள்ள முடியாது. ஆனால் சமமான உழைப்பில் கடுமை வேறுபட்டால் விளைவு வேறுபடுகிறது என்ற செய்தி என் ஆறு ஆண்டு நடைக்கு விடை சொன்னது.

இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இதில் மையமான விஷயம். ஓய்வாக இருக்கும்போது ஒரு துடிப்புக்கு ஏறக்குறைய 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். கடும் உழைப்பில் இது பல மடங்காக வேண்டும். துடிப்பைக் கூட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு, அந்த எல்லை வயதோடு குறைந்துகொண்டே போகும். ஒரு துடிப்பில் தள்ளும் அளவையோ பயிற்சியால் கூட்டலாம். வேகச் சுற்றில் கால் தசைகளிலிருந்து இரத்தம் வெள்ளமாக இதயத்துக்குத் திரும்புகிறது. இடது கீழறை நன்றாக நிரம்பி, விரிந்து, அழுத்தித் தள்ளுகிறது. வாரக்கணக்கில் இது நடக்கும்போது உடலில் இரத்தத்தின் மொத்த அளவும் கூடுகிறது, தசைகளுக்குள் ஆக்சிஜனை எரித்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்டிரியாவும் பெருகுகிறது. ஒரு நிமிட வேகத்தில் இதயம் உச்சத்தைத் தொடுவதற்குள் சுற்றே முடிந்துவிடும். நான்கு நிமிடத்தில் முதல் ஒன்றரை நிமிடம் ஏற்றத்துக்குப் போனாலும் மீதி நேரம் மேலேயே நிற்கிறது.

எத்தனை துடிப்பு வேண்டும்? 220இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பின் தோராயம் வரும். எனக்கு அப்போது 172. ஆளுக்கு ஆள் பத்துக்கு மேலும் மாறுபடக்கூடிய தோராயம் இது, கல்லில் எழுதியது இல்லை. அதில் 85 முதல் 95 விழுக்காடு என்றால் 146 முதல் 163. வேகச் சுற்று முடிந்த நொடியே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 10 விநாடி எண்ணுவேன். 24 முதல் 27 வந்தால் சரி. ஒரு நிமிடம் முழுவதும் எண்ணக் கூடாது, எண்ணிக்கொண்டிருக்கும்போதே துடிப்பு இறங்கிவிடும். என் கணவர் ஆசையாக வாங்கிக் கொடுத்த கைக்கடிகாரம் குறுகிய சுற்றுகளில் எப்போதும் பின்தங்கியே காட்டியது. நான் ஓய்வுக்கு வந்த பிறகுதான் அதில் எண் ஏறும்.

முதலாம் சுற்றிலேயே 27 வந்துவிட்டால் வேகம் தவறு என்று பொருள். நான்காவது சுற்றின் கடைசி நிமிடத்தில் அந்த எண்ணை எட்டுவதுபோல் முதல் சுற்றைத் தொடங்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு எத்தனையோ செவ்வாய்க்கிழமைகள் தேவைப்பட்டன.

சில மாதங்களில் சமதரை வேகநடையில் என் துடிப்பு 140ஐத் தாண்ட மறுத்தது. ஓடினால் முழங்கால் முணுமுணுத்தது. சார் என்னைக் கேப்பர் மலைச் சாலை ஏற்றத்துக்கு அழைத்துப் போனார். அது பெரிய கண்டுபிடிப்பு எனக்கு. ஏற்றத்தில் வேகமாக நடந்தால் ஓடாமலேயே இதயம் உச்சத்துக்குப் போகிறது, பாதத்தில் விழும் அதிர்ச்சியோ மிகக் குறைவு. இறக்கத்தில்தான் முழங்காலுக்கு வேலை, அதனால் இறங்குவது நிதானமாக, சின்ன அடியாக. மேடில்லாத ஊர்க்காரர்களுக்கு ஆற்றுப் பாலத்தின் ஏற்றம் போதும், மாடிப்படி போதும். கடற்கரை மணலில் செய்யலாமா என்று பலர் கேட்கிறார்கள். காய்ந்த மணலில் குதிகால் புதைந்து கெண்டைக்கால் அளவுக்கு மீறி இழுபடும். அலை நனைத்த மணல் கெட்டியாக இருந்தாலும் கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே பதியும். மணலில் நடை நடக்கலாம். வேகச் சுற்றுகளுக்குச் சாலையோ மைதானமோதான் நல்லது.

நம் கடலோர வெயிலும் புழுக்கமும் தனிக் கணக்கு. வியர்வை காயாத காற்றில் உடலைக் குளிர்விக்கத் தோலுக்கு நிறைய இரத்தம் போகிறது, தசைக்கும் இதயத்துக்கும் சுமை கூடுகிறது. தை மாதத்தில் நடந்த அதே வேகத்துக்குச் சித்திரையில் எனக்கு எட்டுப் பத்துத் துடிப்பு அதிகமாக வந்தது. அதனால் கத்திரி வெயில் நாட்களில் ஒரு சுற்றைக் குறைத்து, ஐந்து மணிக்கே தொடங்கி, வீட்டுக்கு வந்ததும் உப்புப் போட்ட மோர். ஐப்பசி, கார்த்திகையில் கடலூரில் வானம் பார்த்து எதையும் திட்டமிட முடியாது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றும் நாட்களில் பழைய சைக்கிள் ஒன்றை ஸ்டாண்டு போட்டு நிறுத்தி வராந்தாவில் மிதிக்கிறேன்.

ஐந்தாம் மாதம் ஒரு தவறு செய்தேன். பலன் தெரியத் தொடங்கிய மகிழ்ச்சியில் வாரம் இரண்டு நாளை நான்காக்கினேன். சாரிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரத்தில் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது, பிள்ளைகளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன், காலையில் எழுந்ததும் எண்ணும் துடிப்பு 74இலிருந்து 82க்கு ஏறியது. அந்த ஏற்றத்தைக் காட்டியபோது சார் பத்து நாள் வேகமே கூடாது என்று நிறுத்திவிட்டார். எழுந்தவுடன் படுக்கையிலேயே துடிப்பு எண்ணுங்கள், வழக்கத்தைவிட ஐந்தாறு கூடியிருந்தால் அன்று வெறும் நடை. இந்த ஒரு பழக்கம் என்னைப் பின்னால் பலமுறை காப்பாற்றியது. இப்போது செவ்வாயும் சனியும் மட்டும். மற்ற நாட்களில் தோழிகளோடு பழைய நடை, பழைய கதைகள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடும் உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு. வேகச் சுற்று வந்தபிறகு நடை வீண் என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

பலனை அளக்காமல் என்னால் இருக்க முடியவில்லை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. 12 நிமிடத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. தொடங்கிய மாதம் 400 மீட்டர் ஓடுபாதையில் மூன்றாவது சுற்று முடிய 20 மீட்டர் இருக்கும்போது விசில் அடித்தது. 1,180 மீட்டர். பத்து மாதம் கழித்து அதே பாதையில், நடையும் மெல்லோட்டமும் கலந்து, 1,560. காலைத் துடிப்பு 82இலிருந்து 70. வேகச் சுற்று முடிந்து ஒரு நிமிடத்தில் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்பதும் முக்கியம். 12 அல்லது அதற்குக் குறைவாக இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். எனக்கு முதலில் 15 இறங்கியது, இப்போது 29. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 5.8. எடை இரண்டு கிலோ மட்டுமே குறைந்தது. எடைக்காக மட்டும் இதைத் தொடங்குபவர்கள் ஏமாந்து நடுவிலேயே விட்டுவிடுவார்கள். இந்த முன்னேற்றத்தில் ஒரு பங்கு இரும்புச்சத்து மாத்திரைக்கும் உரியது, அதை மறைக்க மாட்டேன்.

புதுச்சேரியில் இருக்கும் என் அண்ணனின் கதை வேறு. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக வந்தது, கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே அதிகம். அண்ணன் அதில் ஒருவர். இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுக்கும் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை. அது துடிப்பையே அடக்கி வைக்கும் என்பதால் 220 கணக்கு அவருக்குப் பொருந்தாது. அந்த நிலையில் துடிப்பை விரட்டிப் போவது ஆபத்து. மருத்துவர் சோதித்து அனுமதி கொடுத்த பிறகே தொடங்கினார். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காலை ஏழரை மணி வரை வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலையிலிருந்து ஒரு நிமிடம் வேகநடை, இரண்டு நிமிடம் மெது. அவருக்கு வாய்ப்பாடு தெரியாத குறையைத் தீர்க்க, பேரப்பிள்ளைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். சட்டைப் பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு வேகமாக உழைத்தால் அளவு சட்டென்று இறங்கலாம்.

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது, துடிப்பு தாறுமாறாகத் தடுக்குவது, இவற்றில் எது வந்தாலும் அந்தச் சுற்றை முடிக்க வேண்டும் என்ற வைராக்கியம் கூடாது. அங்கேயே நிறுத்தி உதவிக்கு ஆளை அழையுங்கள். காய்ச்சல் விட்ட வாரத்திலும் வேகம் வேண்டாம். என் தோழி ஒருத்தி டெங்கு தேறிய பத்தாம் நாளே வந்து நின்றாள். சார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

என் மாமியாருக்கு 71 வயது. நார்வேயில் 70 முதல் 77 வயதுள்ள ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இறப்பு விகிதத்தில் உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஆயுள் கூடும் என்று நான் அத்தையிடம் சொல்லவே இல்லை. ஆனால் அந்த வயதினரும் கடும் சுற்றுகளைச் செய்ய முடிந்தது என்று மட்டும் சொன்னேன். மருத்துவரிடம் அழைத்துப் போய்க் காட்டிவிட்டு, சுவரோரம் கை வைத்த நாற்காலியைப் போட்டோம். அரை நிமிடம் எழுந்து உட்கார்வது, ஒன்றரை நிமிடம் கூடத்தில் நடை, ஐந்து முறை. முதல் நாள் அரை நிமிடத்தில் ஆறு முறை எழுந்தார். வாசலில் விற்கும் கீரைக்காரி குரல் கேட்டு நான்காவது சுற்றில் எழுந்து போய்விட்டார்.

இந்த ஆவணியில் திருவந்திபுரத்தில் இன்னொரு திருமணம். நானும் அத்தையும் படிக்கட்டின் அடியில் நின்றோம். "நீ போய்ச் சேவித்துவிட்டு வா, நான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன்" என்றார். ஏறினேன். எங்கும் உட்காரவில்லை. மேலே போனதும் பழக்கத்தில் மணிக்கட்டில் விரல் வைத்து எண்ணினேன், 10 விநாடிக்கு 23. தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது அத்தை உட்காரவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி பதினைந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பதறி இறங்கி ஓடினேன். கையை உயர்த்தி என்னைத் தடுத்தார்.

"இரு, இன்னும் ஒன்றரை நிமிடம் ஆகவில்லை" என்றார்.